முறை அறிந்து காத்திருத்தல்: பழவேற்காட்டு மீனவச் சிற்றூர்களில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான காத்திருப்பறை வடிவமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

தாய்சேய் நல நிலையங்களின் காத்திருப்பறை பெரும்பாலும் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஆனால் கைக்குழந்தையுடன் வரும் பெற்றோருக்கு இருக்கையைவிட முதன்மையானது, தம் முறை எப்போது வரும் என்னும் தெளிவேயாகும். பழவேற்காட்டு ஏரியின் மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை, இத்தெளிவைத் தரும் பழைய உள்ளூர் ஏற்பாடாகும். அதனை அடிப்படையாகக் கொண்டு, தடுப்பூசி நாளில் குழந்தைகளும் பெற்றோரும் காத்திருக்கும் இடத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அறையின் பிரிவு, உயரம், காற்றோட்டம், கட்டுமானப் பொருள், பாலூட்டும் இடம் ஆகியன இதில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, பாடு முறை, காத்திருப்பறை, தடுப்பூசி, நெய்தல், தாய்சேய் நலம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள பழவேற்காடு, 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையால் வரலாற்று நூல்களில் அறியப்பட்ட ஊராகும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பரப்பில் இரண்டாவதாகக் கருதப்படும் பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. இத்தென்பகுதியின் கரைகளிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் மீனவச் சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றின் சமூக அமைப்பும் மீன்வளமும் சூழலியலும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. அங்குள்ள தாயும் சேயும் நல நிலையத்தில் காத்திருக்கும் பொழுதும் இடமும் ஆய்வுக்குரிய பொருளாக அத்துணைக் கவனம் பெறவில்லை.

காத்திருப்பறை சிறிய பொருளாகத் தோன்றலாம். எனினும், ஒரு குழந்தைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில வேளைகளில் அவ்வறையிலேயே முடிவாகிவிடுகின்றன. ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் தடுப்பூசி நாளில் இவ்வாய்வாளர் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. ஒன்பது மாதக் குழந்தையுடன் காலையிலேயே வந்து அமர்ந்திருந்த தாய் ஒருவர், தமக்கு முன்னால் எத்தனை பேர் உள்ளனர் என்று இருமுறை கேட்டும் தெளிவான விடை பெறவில்லை. படகு கரை சேர்ந்ததாகக் கைப்பேசியில் செய்தி வந்ததும், “அடுத்த வாரம் வரேன்” என்று அருகிலிருந்தவரிடம் சொல்லிவிட்டு எழுந்து சென்றார். அவர் சென்ற சிறிது நேரத்தில் அவருடைய குழந்தையின் பெயர் அழைக்கப்பட்டது. அவரிடம் அக்கறையின்மை இல்லை, செவிலியரிடமும் இல்லை. இருவருக்கும் இடையே ஒரு தகவல் மட்டுமே இல்லாதிருந்தது. அத்தகவலுக்கு இடமளிக்கும் காத்திருப்பறை எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா.

காத்திருத்தலும் திணைமரபும்

தமிழ் அகமரபு காத்திருத்தலை ஒரே உணர்வாகக் கொள்ளவில்லை. தொல்காப்பியம் வகுக்கும் உரிப்பொருள்களுள் இருத்தல் முல்லைக்கும் இரங்கல் நெய்தலுக்கும் உரியனவாகக் கொள்ளப்படுகின்றன. இரண்டும் வராத ஒருவரை எதிர்நோக்கும் நிலைகளே. முல்லைத் தலைவிக்குக் கார்காலம் என்னும் குறித்த பருவம் உண்டு. தலைவன் சொல்லிச் சென்ற காலம் அது. ஆகவே அவளால் ஆற்றியிருக்க முடிகிறது. நெய்தலில் அத்தகைய உறுதிப்பாடு தளர்ந்து, எதிர்பார்ப்பு இரக்கமாக மாறுகிறது. குறித்த காலம் தெரிந்த காத்திருப்பு இருத்தலாகிறது. தெரியாத காத்திருப்பு இரங்கலாகிறது என இதனைப் பொருள்கொள்ள இடமுண்டு.

இப்பாகுபாடு இன்றைய சேவை மேலாண்மை ஆய்வுகளோடும் ஒத்துச் செல்கிறது. 1985இல் டேவிட் மைஸ்டர் வரிசையில் நிற்போரின் உளவியல் குறித்து எழுதிய கட்டுரையில், காலவரையறை தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாக உணரப்படும் என்றார். காரணம் விளக்கப்படாததும், நேர்மையற்றதாகத் தோன்றுவதும், செய்வதற்கு ஒன்றுமில்லாததுமான காத்திருப்புகளும் அவ்வாறே நீளும் என்பது அவர் கருத்து. கடிகாரத்தில் அரைமணி நேரமே ஆயினும் காத்திருப்போர் உணரும் நேரம் வேறு. பசியால் அழும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு இவ்வேறுபாடு இன்னும் பெரிது.

பாடு முறை: ஏரி கற்பித்த வரிசை

பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்னும் சொல் மீன்பிடிக்கும் இடத்தையும் அங்கு வலையிடும் உரிமையையும் ஒருசேரக் குறிக்கும். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றில் எல்லாரும் ஒரே நாளில் வலையிட்டால் பூசல் எழும். எனவே, மரபுரிமை பெற்ற ஊர்கள் தமக்குள்ளும், ஒவ்வோர் ஊரின் குடும்பங்கள் தமக்குள்ளும் நாள்முறை வகுத்துக்கொள்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிமடம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையோடு தொடர்புடையனவாக ஆய்வுகளில் குறிக்கப்படுகின்றன. 1991இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மாத்யூவின் ஆய்வு இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இம்முறையின் மூன்று கூறுகள் காத்திருப்பறை வடிவமைப்புக்கு உதவுவன. முதலாவது, முறை முன்கூட்டியே தெரியும். தனக்குரிய நாள் வரும்வரை மீனவர் ஏரியில் நின்று காத்திருப்பதில்லை, வேறு தொழிலைப் பார்க்கிறார். இரண்டாவது, முறை எல்லார் முன்னிலையிலும் முடிவாகிறது. யாருக்குப் பின் யார் என்பதை எவரும் சரிபார்க்கலாம். மூன்றாவது, நல்ல இடமும் எளிய இடமும் சுற்றில் மாறி வருவதால் ஒருவரே என்றும் கடைசியில் நிற்கும் நிலை எழுவதில்லை.

பாடு முறையைக் குறைகளற்ற மாதிரியாகக் கொள்ள இயலாது. அவ்வுரிமை மரபுவழி உறுப்பினர்க்கே உரியது. அதற்கு வெளியே உள்ள மீனவர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அந்த நாள்முறையில் இடம்பெறுவதில்லை. இவ்விலக்கலால் எழும் ஏற்றத்தாழ்வை, 2008இல் வெளிவந்த சாரா கூல்தார்டின் பழவேற்காடு பற்றிய ஆய்வும் சுட்டுகிறது. நல நிலையமோ எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. ஆகவே, பாடு முறையின் முன்னறிவையும் வெளிப்படைத்தன்மையையும் சுழற்சியையும் கொண்டு, அதன் விலக்கலைத் தள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தடுப்பூசி நாளின் முறைப்பலகை

இந்தியாவில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985இல் தொடங்கப்பட்டது. பிறந்தவுடன், 6, 10, 14ஆம் வாரங்கள், 9ஆம் மாதம், 16 முதல் 24 மாதங்கள், ஐந்து வயது என அதன் தவணைகள் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாளாக வழங்கி வருகிறது. கருவுற்ற பெண்ணின் விவரம் ‘பிக்மி’ எண்ணுடன் பதிவாவதால், பிறக்கும் குழந்தைக்கு எந்த வாரத்தில் எந்தத் தவணை என்பது கிராம சுகாதார செவிலியருக்கு முன்னரே தெரியும். ஆக, முறை வகுப்பதற்கான அறிவு நிலையத்தில் உள்ளது. அது பெற்றோரிடம் நேரமாகச் சென்று சேர்வதில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நுழைவிடத்தில் ஒரு முறைப்பலகை போதும். காலை நேரத்தை மூன்று அல்லது நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மடவை, நண்டு, இறால், பூநாரை என ஏரியின் உயிர்களுள் ஒன்றை அடையாளமாக்கலாம். செவிலியர் வீடுவீடாகச் செல்லும்போதே அந்தப் படம் பொறித்த அட்டையைத் தாயிடம் கொடுத்துவிடலாம். எழுத்தறியாத பாட்டியும், தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவரும் அதனைப் புரிந்துகொள்வர். பலகையில் ‘இப்போது நண்டு’ எனத் தெரிந்தால், பூநாரை அட்டை உடையவர் வெளியே சென்று வரலாம். குழந்தையின் பெயரும் நோய் விவரமும் பொதுவில் எழுதப்படாமையால் மந்தணமும் காக்கப்படும்.

ஒவ்வொரு பகுதியிலும் சில இடங்களை வெறுமையாக விடுதல் இன்றியமையாதது. ஏரியின் நீரேற்ற வற்றத்தைப் பொறுத்து இறால் தடவச் செல்லும் தாய்க்குக் கடிகார நேரம் பொருந்தாது. பிந்தி வருபவரும் அன்றே தடுப்பூசி பெற்றுத் திரும்ப வேண்டும். மேலும், பாடு வரும் நாள் அக்குடும்பத்தின் வருவாய் நாள். மீனைத் தரம் பிரித்து விற்பதில் பெண்களின் பங்கு பெரிது. அந்நாள் புதன்கிழமையில் அமையுமாயின், காலையின் முதற்பகுதியைவிடக் கடைசிப் பகுதியே அத்தாய்க்கு ஏற்றது. ஊரின் பாடுமுறையைச் செவிலியரின் தவணைப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதால் இதனை அறியலாம். முன்னுரையில் குறிப்பிட்ட தாய்க்குத் தேவைப்பட்டது இவ்வளவே.

இரு காத்திருப்புகள், இரு இடங்கள்

தடுப்பூசி நாளில் ஒரு குழந்தை இருமுறை காத்திருக்கிறது. ஊசிக்கு முன்னர் முறை வரும்வரை ஒன்று. ஊசிக்குப் பின்னர், ஒவ்வாமை ஏதும் தோன்றுகிறதா என அறிய அரைமணி நேரம் மற்றொன்று. இவ்விரண்டின் இயல்புகளும் வேறு. முன்னதில் அச்சமும் எதிர்பார்ப்பும் உள்ளன. பின்னதில் வலியும், வீடு திரும்பும் அவசரமும் உள்ளன. இரண்டையும் ஒரே கூடத்தில் நிகழ்த்தினால், ஊசி போட்டு அழுது வரும் குழந்தையைக் கண்டு முறைக்குக் காத்திருக்கும் குழந்தையும் அழத் தொடங்கும். ஊசி அறைக்கு ஒரு வாயிலில் நுழைந்து மறுவாயிலில் வெளியேறும் அமைப்பு இதனைத் தவிர்க்கும். பின்காத்திருப்புக்கான இடம் செவிலியரின் நேர்ப்பார்வையில் இருத்தல் வேண்டும். ஏனெனில் அந்த அரைமணி நேரத்தின் நோக்கமே கண்காணிப்பு. அவ்விடம் இனிமையாக அமைந்தால், பாதியில் எழுந்து செல்வோர் குறைவர்.

பாலூட்டும் இடத்தின் அமைவும் இதனோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொதுவிடத்தில் தாய்க்கு மறைவான இடம் தேவை என்பதை அரசு ஏற்றமைக்கு அது சான்று. நல நிலையத்தில் அதன் பயன் மேலும் விரிகிறது. தடுப்பூசியின்போது குழந்தையின் வலியைக் குறைப்பது பற்றி 2015இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாட்டில், குழந்தையை உறவினர் ஏந்தியிருத்தலும், பால்குடி குழந்தைக்கு ஊசியின்போதோ சற்று முன்னரோ பாலூட்டுதலும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. எனவே பாலூட்டும் இடத்தைக் கட்டடத்தின் ஒதுக்குப்புறமான மூலையில் அமைப்பதைவிட, ஊசி அறையை ஒட்டி அமைப்பதே தகும். சாய்ந்து அமர ஒரு சுவர், கால் நீட்ட ஒரு பாய், முகம் வெளியே தெரியாத உயரத்தில் ஒரு தட்டி ஆகியன போதுமானவை. அங்கே புட்டிப்பால் விளம்பரம் எதுவும் இடம்பெறாமை, 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால்மாற்றுப் பொருள் சட்டத்தின்படியும் கட்டாயமாகும்.

நோயுற்ற குழந்தையும் நலமான குழந்தையும்

வரவேற்கும் அறை முதலில் தீங்கற்ற அறையாக இருத்தல் வேண்டும். தட்டம்மை நுண்கிருமி, நோயாளி அறையை விட்டு நீங்கிய பின்னரும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிலைத்திருக்கக் கூடியது. ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்கு அதற்கான தடுப்பூசி இன்னும் போடப்பட்டிராது. ஆகவே, காய்ச்சலும் இருமலும் தடிப்பும் உள்ள குழந்தைகளும் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகளும் மூடிய ஒரே கூடத்தில் அமர்வது, நலம் நாடி வந்த இடத்திலேயே நோயைப் பெறுவதற்கு வழிவகுக்கும்.

கடற்கரையின் இயற்கை இங்கே துணைசெய்கிறது. நம் மரபுக் கட்டடக்கலையின் திண்ணை, மூடிய அறைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட திறந்தவெளிக் காத்திருப்பிடமாகும். இக்கரையில் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்றும், இரவிலும் விடியற்காலையிலும் நிலக்காற்றும் வீசுகின்றன. கிழக்கிலும் மேற்கிலும் திண்ணைகளை அமைத்தால், ஒருவேளை இல்லாவிடினும் மறுவேளையில் ஒன்றன் காற்று மற்றதன்மீது செல்லும். நலமான குழந்தைகளுக்கு வடபுறத் திண்ணையும் நோயுற்றோர்க்குத் தென்புறத் திண்ணையும் எனக் காற்றின் போக்குக்குக் குறுக்கே இரண்டையும் பிரித்தால், இக்குறை பெரிதும் நீங்கும். வடகிழக்குப் பருவமழையின் சாரலைத் தடுக்க வடபுறத்தில் கூரையை நன்கு இறக்கி அமைத்தல் வேண்டும்.

குழந்தையின் உயரத்திலிருந்து அறை

நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை 2016இல் தொடங்கிய ‘அர்பன்95’ திட்டம், மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரமாகிய 95 சென்டிமீட்டரிலிருந்து நகரைக் காணச் சொல்கிறது. டெல் அவிவ் நகரில் ‘பால்துளி’ எனப் பொருள்படும் பெயருடைய தாய்சேய் நல நிலையங்களின் காத்திருப்பறைகள் இத்திட்டத்தின்கீழ் மாற்றியமைக்கப்பட்டன. அதே அளவுகோலை நம் நிலையங்களில் வைத்தால், மேசையின் அடிப்பகுதியும் பெரியோரின் முழங்கால்களுமே குழந்தையின் காட்சியாகின்றன. அறிவுப்புச் சுவரொட்டிகள் யாவும் அதன் தலைக்கு மேலே உள்ளன.

சுவரின் கீழ்ப்பகுதியைக் குழந்தைக்கு உரியதாக்குவதே எளிய தீர்வு. மடவை, கொடுவா, கெளுத்தி, களிநண்டு, பூநாரை, தோணி, கலங்கரை விளக்கம் ஆகியவற்றை அவ்வுயரத்தில் வரையலாம். இவை வெறும் அழகுக்கானவை அல்ல. தாய் சுட்டிக்காட்டி, “இது என்ன மீனு?” என வினவவும், குழந்தை விடைசொல்லவும் அவை வழிசெய்கின்றன. வெளியூர்ப் பாடநூலின் ஆப்பிளைவிட ஏரியின் நண்டைப் பற்றிப் பேச அத்தாயிடம் சொற்கள் மிகுதி. 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் தொடங்கிய வாசிப்பியக்கம், காத்திருப்பறையிலேயே தன்னார்வலர்கள் குழந்தைகளுக்கு நூல்களை உரக்கப் படித்துக்காட்டியதிலிருந்து வளர்ந்தது. காத்திருக்கும் நேரம் பேச்சுக்குரிய நேரமாகலாம் என்பதற்கு அது சான்றாகும்.

விளையாட்டுப் பொருள்களில் ஒரு சிக்கல் உண்டு. பழவேற்காட்டு இசுலாமியப் பெண்களின் பனையோலைக் கைவினை புகழ்பெற்றது. ஓலைக் கிலுகிலுப்பை இங்கே இயல்பாகப் பொருந்தும். எனினும், ஓலையைச் சோப்பிட்டுக் கழுவ இயலாது. கைக்குழந்தைகள் எதனையும் வாயில் வைப்பர். ஆகவே, பொதுவில் வைக்கும் பொருள்கள் கழுவத்தக்க மரமாகவோ நெகிழியாகவோ இருக்க, ஓலைக் கிலுகிலுப்பையை ஊசி போட்ட குழந்தை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் பரிசாக்கலாம். குழந்தைக்கு மகிழ்ச்சி, கைவினைஞர்க்கு வருவாய், நிலையத்தில் தூய்மை என மூன்றும் இதனால் எய்தப்படும்.

பொருளும் இருக்கையும்

உப்புக்காற்றில் இரும்பு நாற்காலிகள் விரைவில் துருவேறும். துருவேறிய விளிம்பு குழந்தையின் கையைக் கிழிக்கும். கடப்பைக்கல் பதித்த திண்ணையும் வழவழப்பான மர விசிப்பலகையும் இச்சூழலுக்கு ஏற்றவை. பெரியோர்க்கான இருக்கைக்கு அருகிலேயே ஓரடி உயரத்துக்கு மேற்படாத படி ஒன்று இருந்தால், தவழும் குழந்தை பிடித்து நிற்கவும் நடக்கும் குழந்தை அமரவும் உதவும். தரையில் அமர்ந்து குழந்தையைக் காலில் கிடத்திப் பழகிய பாட்டிமார்க்குப் பாய் விரித்த இடம் வேண்டும். உத்தரத்தில் உறுதியான வளையங்கள் சில இருந்தால் தாய்மார் தம் சேலையிலேயே தூளி கட்டிக்கொள்வர். விலைகொடுத்து வாங்கும் தொட்டிலைவிட அது குழந்தைக்குப் பழகியது. ஒவ்வொரு குழந்தைக்கும் தன் துணியே ஆதலால் தொற்றுக்கும் இடம் குறைவு.

தந்தையரையும் கருத வேண்டும். பெண்கள் மட்டுமே நிறைந்த சிறு கூடத்தில் ஆண்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். பாலூட்டும் இடம் தனியே மறைக்கப்பட்டால், எஞ்சிய திண்ணை அனைவருக்கும் பொதுவாகும். தந்தையும் குழந்தையை ஏந்தி அமர இடம் கிடைக்கும்.

எழக்கூடும் தடைகள்

செவிலியரின் பணிச்சுமை ஏற்கெனவே மிகுதி. நேர அட்டை வழங்குவது அவருக்கு மேலும் ஒரு வேலையாகாதா என்பது முதல் தடை. இத்தடை உண்மையானது. ஆனால் தவறிய தவணைக்காக அதே வீட்டுக்கு மீண்டும் மீண்டும் செல்வதும் அவருடைய வேலையே. அட்டை வழங்கும் பொறுப்பை ஊரின் அங்கன்வாடிப் பணியாளருடனும் மகளிர் குழுவினருடனும் பகிர்ந்துகொள்ளவும் இயலும். காத்திருப்பைக் குறைத்துவிட்டால் காத்திருப்பறை எதற்கு என்பது இரண்டாவது தடை. ஊசிக்குப் பின்னரான அரைமணி நேரத்தைக் குறைக்க இயலாது. படகும் பேருந்தும் கொண்டுவந்து சேர்க்கும் நேரமும் நம் கையில் இல்லை. ஆகவே முறையும் அறையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகா, இரண்டும் வேண்டும்.

முடிவுரை

இந்தியப் பொதுச் சுகாதார நெறிமுறைகள் காத்திருப்பிடத்துக்குப் போதிய இருக்கை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. அவை அடிப்படைத் தேவைகள். பழவேற்காட்டு மீனவச் சிற்றூர்களில் அவற்றோடு சேர வேண்டியன இவை: முன்கூட்டியே தெரியும் முறை, ஊசிக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்த இரு இடங்கள், காற்றின் போக்கறிந்த இரு திண்ணைகள், ஊசி அறையை ஒட்டிய பாலூட்டும் இடம், குழந்தையின் கண்ணுயரத்தில் அதன் ஏரி. இவற்றுள் முதலாவது மிகக் குறைந்த செலவில் தொடங்கத்தக்கது. கட்டடம் மாறும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏரியில் யார் எப்போது வலையிடுவது என்பதைப் பூசலின்றி வகுத்துக்கொண்ட மக்களுக்கு, தம் குழந்தையின் முறை எப்போது என்பதை அறியும் உரிமை புதியதன்று. அதனை நல நிலையத்தின் வாயிலுக்குக் கொண்டுவருவதே வடிவமைப்பாளரின் பணி. பாடு நாட்களும் தவணை நாட்களும் எந்த அளவுக்கு மோதுகின்றன என்பதை ஊர்வாரியாகப் பதிவு செய்யும் கள ஆய்வு இதன் அடுத்த கட்டமாக அமையலாம்.